முட்டையும் மீனும்: ஜும்பா லாஹிரியின் சாப்பாட்டு மேசைகள்

ஜும்பா லாஹிரியின் 'இன்டர்பிரட்டர் ஆஃப் மாலடீஸ்' தொகுப்பை நான் வாசித்தது ரொம்பத் தாமதமாக. புத்தகம் வந்தது 1999-ல். புலிட்சர் பரிசு 2000-ல். அப்போது நான் பி.இ. மூன்றாம் வருடம், பாடப்புத்தகத்தையே ஒழுங்காக வாசிக்காத காலம். 2019-ல் எங்கள் ஊர் நூலகத்தில் பழைய புத்தகங்களை விற்றுத் தள்ளும் ஒரு சனிக்கிழமையில் ஒரு டாலருக்குக் கிடைத்தது. ஒன்பது கதைகள். இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டேன். மூன்றாவது ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

லாஹிரியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: "அவங்க கதைல சாப்பாடு நிறைய வரும், ஊர் ஞாபகம் நிறைய வரும்." புலம்பெயர்ந்தவர்களுக்குச் சாப்பாடுதான் ஊர், நாக்குதான் கடைசி வேர் என்கிற மாதிரியான வாசிப்பு. நம்மாட்களுக்கும் இது ரொம்பப் பிடித்த வாசிப்பு. அம்மா கைமணம், வத்தக்குழம்பு, வாழை இலை என்று ஆரம்பித்தால் நாலு பக்கம் தாராளமாகப் போகும். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இப்போது எடுத்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாம் முறை வாசித்தபோது ஒரு காரியம் செய்தேன். வேலைப் பழக்கம், விடமாட்டேன் என்கிறது. ஒரு எக்ஸெல் ஷீட் திறந்து சாப்பாடு முக்கியமாக வருகிற கதைகளுக்கு மூன்று பத்தி போட்டேன்: என்ன சமையல், யார் சமைக்கிறார், எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள். ருசியையும் ஊர் ஞாபகத்தையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். போட்டு முடித்ததும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஆட்கள் நெருக்கமாக இருக்கிற இடத்தில் சாப்பாடு சாதாரணமாக இருக்கிறது, பெரும்பாலும் முட்டை. ஆள் இல்லாத இடத்தில்தான் சாப்பாடு பெரிய விஷயமாகிறது. அங்கே மீன்.

மூன்று கதையை வைத்துக்கொண்டு விதி எழுதக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கேளுங்கள்.

லண்டன் முட்டைக் குழம்பு

தொகுப்பின் கடைசிக் கதை 'தி தேர்ட் அண்ட் ஃபைனல் காண்டினென்ட்'. 1964-ல் கல்கத்தாவிலிருந்து லண்டன் போகிற ஓர் இளைஞன், ஃபின்ஸ்பரி பார்க் பக்கம் ஒரு வீட்டில் தங்குகிறான். வீடு முழுக்க இவனைப் போலவே காசில்லாத வங்காளி பேச்சிலர்கள், பன்னிரண்டு பேருக்குக் குறையாமல். ஒரு அறைக்கு மூன்று நாலு பேர். ஒரே ஒரு கழிப்பறை, அதுவும் பனிக்கட்டி மாதிரி ஜில்லென்று. முறை வைத்து முட்டைக் குழம்பு சமைக்கிறார்கள். மேசையில் செய்தித்தாளை விரித்துக் கையால் சாப்பிடுகிறார்கள். வார இறுதியில் டீ, சிகரெட், சில நாள் லார்ட்ஸில் கிரிக்கெட்.

இந்த வீட்டுக்கு லாஹிரி ஒதுக்குவது ஒன்றிரண்டு பத்திதான். குழம்பு ருசியாக இருந்ததா என்று ஒரு சொல் கிடையாது. ஊரை நினைத்து யாரும் கண்கலங்கவும் இல்லை. சொல்லப்போனால் கதைசொல்லி தன் வாழ்க்கையில் ஊர்க்காரர்களோடு மிக நெருங்கி இருந்தது அங்கேதான். பிறகு 1969-ல், மனிதன் நிலாவில் இறங்கிய அதே சமயத்தில், பாஸ்டன் பக்கம் வேலைக்கு வருகிறான். ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனியாக உட்கார்ந்து பாலும் கார்ன்ஃப்ளேக்ஸும் சாப்பிடுகிறான். காலையிலும் அதுதான், ராத்திரியும் அதுதான். முட்டைக் குழம்பு வைக்கத் தெரிந்தவன்தானே? ஆனால் அந்த அறையில் சமைக்கவே அனுமதி கிடையாது.

இதை வாசித்தபோது சிரிப்பு வந்தது. ஏனென்றால் அந்த வீட்டில் நான் இருந்திருக்கிறேன். லண்டனில் இல்லை, கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நிறைந்த ஊர், அதனால் மென்பொருள் ஆட்களும் நிறைய. 2004 ஜனவரியில் வந்து இறங்கினேன். இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்டில் நாலு பேர்: மதுரை, ஈரோடு, அறந்தாங்கி, திண்டுக்கல். திண்டுக்கல் நான். ரைஸ் குக்கர் ஒன்று, வாணலி ஒன்று. அடுப்புக்கு மேலே ஒட்டிய காகிதத்தில் கிழமைவாரியாகச் சமையல் முறை. என் நாள் செவ்வாய், வெள்ளி. எனக்குத் தெரிந்தது முட்டைக் குழம்பு மட்டும்தான். வெங்காயம், தக்காளி, அம்மா கட்டிக்கொடுத்த குழம்பு மிளகாய்த்தூள், ஆறு முட்டை. நாலு பேருக்கு ஆளுக்கு ஒன்றரை. அரை முட்டைக்குச் சண்டை வரும்.

நல்ல குழம்பு என்று பொய் சொல்லமாட்டேன். மதுரைக்காரன் ஒருநாள் வாயில் வைத்துவிட்டு, "மச்சான், இது குழம்பா, தண்டனையா?" என்றான். ஆனால் ஈரோட்டுக்காரனின் அப்பா தவறிப்போன ராத்திரி, டிக்கெட் போட்டு, பெட்டி கட்டி, விடியற்காலை அவனை நியூயார்க் விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும் முன்னால் நாங்கள் அவனுக்கு ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தது அந்தக் குழம்பைத்தான். அன்றைக்கு அது எப்படி இருந்தது என்று இப்போது நாலு பேரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

பிர்ஸாதாவின் தட்டு

'வென் மிஸ்டர் பிர்ஸாதா கேம் டு டைன்' நடப்பது 1971-ல். பிர்ஸாதா டாக்காவில் தாவரவியல் விரிவுரையாளர். நியூ இங்கிலாந்து மரங்களின் இலைகளை ஆராய ஒரு வருட உதவித்தொகையில் பாஸ்டனுக்கு வடக்கே ஒரு பல்கலைக்கழக ஊருக்கு வந்திருக்கிறார். அந்த மார்ச்சில் பாகிஸ்தான் ராணுவம் டாக்காவுக்குள் இறங்கிவிட்டது. மனைவி, ஏழு பெண் குழந்தைகள், யாரிடமிருந்தும் கடிதம் இல்லை. மாணவர் விடுதி அறையில் ஒழுங்கான அடுப்பும் கிடையாது, டிவியும் கிடையாது. அதனால் தினம் சாயங்காலம் லிலியா என்கிற பத்து வயதுப் பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். சாப்பிடுவார், செய்தி பார்ப்பார். தட்டுப் பக்கத்தில் டாக்கா நேரம் காட்டும் பாக்கெட் கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொள்வார்.

இவர்கள் எப்படிச் சந்தித்தார்கள்? ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் லிலியாவின் பெற்றோர் பல்கலைக்கழக டைரக்டரியை எடுத்து வைத்துக்கொண்டு, தங்கள் பக்கத்துக் குடும்பப் பெயர் மாதிரித் தெரிகிறதையெல்லாம் வட்டமிட்டுக் கூப்பிடுவார்களாம். எனக்கு இது ரொம்பப் பிடித்த இடம். நாங்கள் இதையே ஆபீஸ் அவுட்லுக்கில் செய்தோம். சிக்கல் என்னவென்றால் தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான். அதனால் 'செந்தில்', 'முருகன்', 'சுப்ரமணியன்' என்று ஒவ்வொன்றாகத் தட்டித் தேடவேண்டும். அப்படிக் கிடைத்தவர்தான் மூன்றாம் மாடி 'முருகேசன்'. கையில் ஒரு டப்பா இட்லி மிளகாய்ப்பொடியோடு போய் அறிமுகம் செய்துகொண்டோம். பார்த்தால் மலேசியாக்காரர், மூன்றாம் தலைமுறை. பொடியை மட்டும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

கதைக்கு வருகிறேன். அந்த வீட்டார் அமெரிக்காவைப் பற்றி அவ்வப்போது மூன்று குறை சொல்வார்களாம்: கடையில் கடுகெண்ணெய் இல்லை, டாக்டர் வீட்டுக்கு வந்து பார்ப்பதில்லை, அழைக்காமல் அக்கம்பக்கத்தார் வருவதில்லை. நம் வழக்கமான வாசிப்பு இதில் கடுகெண்ணெயை மட்டும் பிடித்துக்கொள்கிறது. மூன்றில் ஒன்றுதான் சாப்பாடு. மற்ற இரண்டும் வாசலைத் தாண்டி வரவேண்டிய ஆட்கள்.

என் ஷீட்டுக்கு எதிரான சாட்சியும் இதே கதையில் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப நாட்களில் லிலியாவின் அம்மா வகைவகையாகச் சமைக்கிறார். பருப்பு, தேங்காய் போட்ட பீன்ஸ், தயிரும் உலர்ந்த திராட்சையும் சேர்த்த மீன். தட்டு தட்டாக வரவேற்பறைக்கு வருகிறது. ஆள் இருக்கிறது, சமையலும் பெரிதாக இருக்கிறது. சரி. ஆனால் அப்போது பிர்ஸாதா இன்னும் விருந்தாளி.

டிசம்பரில் இந்தியா பாகிஸ்தான் போர் வெடிக்கிறது. பன்னிரண்டு பதின்மூன்று நாள். பிர்ஸாதா ராத்திரி அங்கேயே சோபாவில் படுத்துக்கொள்கிறார். அந்த நாட்களில் அம்மா சமைப்பது அவித்த முட்டையும் சோறும் மட்டும். வேறெதுவும் செய்ய மறுத்துவிடுகிறார். அந்தச் சமயத்தில்தான் மூன்று பெரியவர்களும் ஒரே ஆள் போல, ஒரே பயத்தைப் பங்கு போட்டுக்கொண்டு இருந்ததாக லிலியா நினைவுகூர்கிறாள். விருந்தாளி வீட்டு ஆள் ஆனதும் மீன் போய் முட்டை வந்துவிட்டது. உபசாரம் தேவையில்லை.

இதற்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிர்ஸாதா முஸ்லிம், இவர்கள் இந்து. தேசப் பிரிவினைக்குப் பிறகு அவர் இந்தியர் இல்லை என்று அப்பா வரைபடத்தைக் காட்டிச் சொல்கிறார். லிலியாவுக்குப் புரியவில்லை. அதே சோறு, அதே ஊறுகாய், அதே சோம்பு. நாம் 'நம்ம சாப்பாடு' என்று எதைச் சொன்னாலும் அதில் எல்லைக்கோடு போட ஆள் வந்துவிடுவார்கள். அவித்த முட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை.

மிஸஸ் சென்னின் அரிவாள்மனை

இப்போது மூன்றாவது கதை. என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

மிஸஸ் சென், பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக்கொடுப்பவரின் மனைவி. கடற்கரையோர ஊர். பள்ளிக்கூடம் விட்ட பிறகு எலியட் என்கிற பதினோரு வயதுப் பையனைத் தன் வீட்டில் பார்த்துக்கொள்கிறார். வரவேற்பறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, ஒரு வளைந்த கத்தியில் காய் நறுக்கிக்கொண்டே இருக்கிறார். கத்தி பலகையோடு சேர்ந்தது. காலால் பிடித்துக்கொண்டு காயைக் கத்திமேல் அழுத்தி நறுக்கவேண்டும். லாஹிரி அமெரிக்க வாசகனுக்காக அதை விவரமாக வர்ணிக்கிறார். நமக்கு ஒரே வார்த்தை: அரிவாள்மனை.

ஊரில் கல்யாணம் என்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அவரவர் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்து, மொட்டைமாடியில் வட்டமாக உட்கார்ந்து, ராத்திரி முழுக்கச் சிரிப்பும் ஊர்க்கதையுமாக ஐம்பது கிலோ காய் நறுக்குவார்கள் என்று பையனிடம் சொல்கிறார். அந்தச் சத்தத்தில் தூக்கமே வராதாம். இங்கேயோ இந்த அமைதியில் சில நாள் தூக்கம் வருவதில்லையாம். எங்கள் திண்டுக்கல் பக்கமும் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி "காய் நறுக்க வந்துருங்கக்கா" என்று தெருவில் சொல்லிவைப்பார்கள். மறுநாள் அந்தச் சாம்பாரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ராத்திரி யார் யாரைக் கிண்டல் பண்ணினார்கள் என்பதை வருஷக்கணக்காகப் பேசுவார்கள்.

மிஸஸ் சென்னுக்கு மீன் வேண்டும். முழு மீன், புது மீன். இது நாக்கு ஆசை மட்டும் என்றால் கதை இவ்வளவு தூரம் போகாது. காரோட்டத் தெரியாது, பயம். கணவர் கொண்டுபோய்விட்டால்தான் மீன். ஒருநாள் பையனோடு பஸ்ஸில் போய் வாங்கி வருகிறார். மீன் பையின் வாடை மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று ஓட்டுநர் சொல்கிறார். கடைசியில் தானே காரை எடுத்துக்கொண்டு கிளம்பி, கம்பத்தில் மோதிவிடுகிறார். யாருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் எலியட் அந்த வீட்டுக்கு வருவது அதோடு நின்றுபோகிறது.

இந்தக் கதையின் மையம் மீன் இல்லை என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன இடம் இருக்கிறது. தான் இப்போது தொண்டை கிழியக் கத்தினால் யாராவது வருவார்களா என்று மிஸஸ் சென் பையனிடம் கேட்கிறார். ஊரில் என்றால் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலே போதும், ஒரு தெருவும் அடுத்த தெருவில் பாதியும் வந்து நிற்கும். பையன் யோசித்துப் பார்க்கிறான். போன் பண்ணலாம், ஆனால் சத்தம் அதிகம் என்று புகார் சொல்லத்தான் பண்ணுவார்கள் என்கிறான். பொய் சொல்லத் தெரியாத வயது.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மறுபடி கதையைப் பார்த்தால், அவர் நறுக்குகிற காய், தேடுகிற மீன், எலியட்டின் அம்மாவைச் சோபாவில் உட்காரவைத்து நீட்டுகிற ரோஸ் தயிரும் அல்வாவும் எல்லாமே ஆளைக் கூப்பிடுகிற சத்தமாகத் தெரிகிறது. எலியட்டின் அம்மா இரண்டு வாய் கொறித்துவிட்டு எழுந்துபோகிறார். எங்கள் அபார்ட்மென்டில் தண்டனை மாதிரியான குழம்புக்கு அரை முட்டைச் சண்டை. இங்கே இவ்வளவு அருமையான சமையலுக்கு ஆள் இல்லை.

என் வீட்டில் நடந்தது

எனக்குக் கல்யாணம் 2008-ல். மனைவி எம்.எஸ்சி. இயற்பியல், ஊரில் கல்லூரியில் வேலை பார்த்தவர். அமெரிக்காவுக்கு வந்தது என்னைச் சார்ந்த ஹெச்-4 விசாவில். அதில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஹெச்-4 வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த அனுமதி வந்ததே 2015 மே மாதம்தான். முதல் இரண்டு வருடம் அவருக்குக் காரோட்டவும் தெரியாது. எங்கள் தெருவில் பஸ்ஸும் கிடையாது.

தினம் மத்தியானம் எனக்கு டப்பாவில் மூன்று வகை. ராத்திரி வந்தால் சாம்பார், ரசம், இரண்டு காய், சில நாள் அடை. நான் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு மறுபடி லேப்டாப்பைத் திறப்பேன். பாராட்டிவிட்டேன் அல்லவா, கடமை முடிந்தது. நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வேன்: "எனக்கு ஊர் ஞாபகமே வர்றதில்லடா, வீட்லயே ஊர் இருக்கு."

அப்போதெல்லாம் இந்தியாவுக்குப் பேச காலிங் கார்டுதான். இவர் காலையில் அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுவார். பேசவேமாட்டார்கள். அங்கே ராத்திரிச் சமையல், இங்கே காலைச் சமையல். அங்கே குக்கர் விசில், பாத்திரச் சத்தம், டிவி சீரியல், பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து ஏதோ கேட்டுவிட்டுப் போவது. இங்கே இவர் வெங்காயம் நறுக்குவார். ஒருநாள் கார்டு சீக்கிரம் தீர்ந்துவிட்டதைப் பார்த்து, "பேசாம எதுக்கு லைன்ல வச்சிருக்க, காசு போகுதுல்ல" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பேசவேண்டியதைப் பேசிவிட்டு வைத்துவிட ஆரம்பித்தார்.

பதினோரு வருடம் கழித்து 'மிஸஸ் சென்'ஸ்' வாசித்தபோது எனக்கு மிஸ்டர் சென்னைத் தெரிந்தது. கெட்டவர் இல்லை. பாடம் எடுக்கிறார், நேரம் கிடைத்தால் மீன் வாங்கித் தருகிறார், காரோட்டக் கற்றுத்தரப் பார்க்கிறார். பிரச்சினை மீன்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எழுந்து போய் மனைவியிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கூச்சம். புத்தகத்தை மட்டும் கொடுத்தேன், இந்தக் கதையைப் படி என்று. மறுநாள் படித்துவிட்டு, "அந்தம்மாவுக்குப் பேரே இல்லயே, கவனிச்சீங்களா?" என்று கேட்டார். நான் கவனித்திருக்கவில்லை. கதை முழுக்க மிஸஸ் சென்தான். லாஹிரி பெயர் வைக்க மறந்தவர் இல்லை. அந்த ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தோழி ஒருத்தியும் இல்லை, அதனால் நமக்கும் தெரியாது. விமர்சகன் வேலையை நான் பார்க்கிறேன், பாயிண்டை அவர் பிடிக்கிறார்.

"உனக்கு எப்ப சரியாச்சு?" என்றேன். யோசிக்காமல் சொன்னார்: "கீழ் வீட்டு குஜராத்தி அக்கா தயிருக்கு உறை கேட்டு வந்தாங்கல்ல, அன்னைக்கு." உறை கேட்டு வந்த அந்த அக்காதான் பிறகு காலி பார்க்கிங்கில் வைத்து இவருக்குக் கார் ஓட்டப் பழக்கியவர். எனக்கு அந்த அக்காவைத் தெரியும். அவர் வந்த காரணம் தெரியாது.

லாஹிரியிடம் சில குறைகள்

புகழ்ந்துகொண்டே போனால் விமர்சனம் ஆகாது. இரண்டு குறை.

ஒன்று, முறை என்ன ஆனது? லண்டன் வீட்டில் ஆண்கள் முறை வைத்துச் சமைக்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் மனைவி வந்து சேர்ந்த வீடுகளில் அடுப்பு பெரும்பாலும் மனைவியின் பொறுப்பு. பிர்ஸாதாவுக்குத் தட்டு கொண்டுவருவதும் அம்மாவும் மகளும்தான். சமைக்கத் தெரிந்த ஆண்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று எந்தக் கதையும் கேட்கவில்லை. இதைக் கேட்க எனக்கு அருகதை இல்லை. கல்யாணம் ஆனதும் எங்கள் நாலு பேருக்கும் ஒரே வாரத்தில் சமையல் மறந்துபோனது. ஆனால் நான் செய்த தப்பை அவர் எழுதாமல் விட்டதும் குறைதான்.

இரண்டு, ஆட்கள் கூடுவதை லாஹிரி சில இடங்களில் ரொம்ப மென்மையாகப் பார்க்கிறார். டைரக்டரியில் பெயரை வட்டமிடுவது அன்புதான். வட்டத்துக்கு வெளியே விட்டவர்கள் யார் என்பதும் அதே பேனாவின் வேலைதான். எங்கள் கூட்டங்களிலும் "நீங்க எந்த ஊரு?" என்பதற்கு அடுத்த கேள்வி "ஊர்ல எந்தப் பக்கம்?" அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். சைவத்துக்குத் தனி மேசை, அதன் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதற்குச் சொல்லாத விதி. பிர்ஸாதா கதையில் எல்லைக்கோட்டின் அபத்தத்தை ஒரு குழந்தையை வைத்து அழகாகக் காட்டியவர், ஒரே கோட்டுக்குள் இருக்கிறவர்களின் படிநிலையைத் தொடவில்லை.

ஆனால் அவருக்கு இந்த விஷயம் முழுசாகத் தெரியும் என்பதற்கு 2003-ல் வந்த 'தி நேம்ஸேக்' நாவல் சாட்சி. ஆரம்பத்தில் 1968 ஆகஸ்டில் கர்ப்பிணியான அஷிமா தனியாகச் சமையலறையில் நின்று, ரைஸ் கிறிஸ்பீஸ் பொரியில் வேர்க்கடலையும் வெங்காயமும் போட்டுக் கல்கத்தா நடைபாதைப் பொரியைச் செய்துபார்க்கிறாள். ஏதோ குறைகிறது. கடுகெண்ணெய் என்று நினைக்கிறாள். தெருவில் கூட்டத்தோடு நின்று தின்னவேண்டிய பண்டம் அது, கூட்டம்தான் குறைகிறது என்பது என் கட்சி. கொஞ்சம் தள்ளி, குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுகிற சடங்கு வருகிறது. ஊட்டவேண்டியது தாய்மாமன். அவன் கல்கத்தாவில். அதனால் திலீப் நந்தி என்கிற நண்பர் அந்த இடத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறார்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. என் மகளுக்குக் காது குத்தியது ஒரு குழந்தை மருத்துவர், ஆஸ்பத்திரி நாற்காலியில் வைத்து. அதற்கு அடுத்த ஞாயிறு வீட்டில் சாமி கும்பிட்டு, மடியில் உட்காரவைத்துத் தோடு போட்டது அறந்தாங்கிக்காரன். என் மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை. சும்மா பேருக்குத்தான் உட்காரச் சொன்னோம். ஆனால் அவன் இப்போது டெக்சாஸில் இருந்துகொண்டு ஒவ்வொரு தீபாவளிக்கும் துணி அனுப்புகிறான். "டேய், எதுக்குடா இதெல்லாம்?" என்றால், "நீ பேசாத, இது எனக்கும் எம் மருமகளுக்கும் உள்ளது" என்கிறான். அன்று என்ன சமையல் என்று கேட்டால் மனைவிக்குக்கூட நினைவில்லை.

இப்போது

இன்று எங்கள் ஊரில் எல்லாம் கிடைக்கிறது. இட்லி மாவு டப்பாவில், பரோட்டா ஃப்ரீசரில், முருங்கைக்காய் நறுக்கியே. போனில் தட்டினால் பிரியாணி வாசலுக்கு வருகிறது. மிஸஸ் சென் இந்தக் காலத்தில் இருந்தால் மீனுக்காகக் கார் எடுக்கவேண்டியதே இல்லை. அதனால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், பாதி கடுகெண்ணெயோடு நாம் நின்றுவிட்டோம் என்றுதான் சொல்வேன். முன்பெல்லாம் அரை மணி நேரம் தள்ளி இருந்த இந்தியக் கடைக்குப் போக ஒருவரிடம் கார் இருக்கும், நாலு பேர் தொற்றிக்கொள்வோம். அந்தப் பயணம் இப்போது தேவையில்லை. தேவையில்லாததால் நடப்பதில்லை.

போன ஜனவரியில் எங்கள் டீமில் சேர்ந்த கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், வயது இருபத்தாறு, வீட்டிலிருந்தே வேலை. ஒரு மீட்டிங் முடிந்து சும்மா பேசிக்கொண்டிருந்தோம். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "சூப்பர்ணா, எல்லாமே கிடைக்குதுங்ணா" என்றான். யாரோடு சாப்பிட்டாய் கடைசியாக என்று கேட்டேன். கேமராவில் மேலே பார்த்துக் கணக்குப் போட்டான். "ஒரு... மூணு வாரம் இருக்குங்ணா."

அந்தச் சனிக்கிழமை வரச் சொன்னேன். மனைவி என்ன செய்யட்டும் என்று கேட்டார். மீன் எடுத்துக் குழம்பு வைக்கலாமா, புதுப் பையன் வருகிறானே என்றார். நீ உட்காரு, நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு முட்டைக் குழம்பு வைத்தேன். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து. புளி அதிகம், உப்பு குறைவு. பையன் மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. என் மகள்தான் சொன்னாள், "அப்பா, திஸ் இஸ் நாட் குட்." அவளுக்கும் பொய் சொல்லத் தெரியாத வயது.

பையன் சிரித்துவிட்டான். கைகழுவிவிட்டு வந்து, "அடுத்த வாட்டி நான் பண்றேங்ணா, எனக்குக் கொஞ்சம் நல்லா வரும்" என்றான். எந்தக் கிழமை என்று கேட்டேன். இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. மூன்று பெயர் இருக்கிறது. மனைவி தன் பெயரைத் தானே எழுதினார், மாதத்துக்கு ஒரு நாள் மட்டும்.